ஒற்றை விளக்கு வைத்த இயந்திரம்

சூடான பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. அணைத்த மெழுகுவர்த்தியும் புது ரப்பர் செருப்பும் கலந்தாற்போல, மூக்கின் உச்சியில் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை. அப்பா "ஷிப்டு" முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த சின்ன வீடு முழுவதும் அது பரவிவிடும். அம்மா ஜன்னலைத் திறப்பாள். நான் திறக்கவேண்டாம் என்பேன். அப்பா வந்துவிட்டார் என்பதற்கு எனக்கு அந்த வாசனைதான் அடையாளம்.

வாளியும் குளியல் மக்கும் வார்க்கிற ஒரு சிறிய தொழிற்சாலையில் அப்பா "மோல்டிங்" இயந்திரம் ஓட்டினார். உருகிய பிளாஸ்டிக்கை இரண்டு இரும்பு அச்சுகளுக்கு நடுவே செலுத்தி, அது இறுகும்வரை அழுத்திப் பிடித்திருக்கும் இயந்திரம் அது. அச்சு விலகியதும் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்து, கையை உள்ளே விட்டு, சூடு ஆறாத மக்கை எடுத்துப் போடவேண்டும். எப்போது கையை விடலாம், எப்போது விடக்கூடாது என்று சொல்ல அதன் முகப்பில் இரண்டு விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. "மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா எடு," என்பார் அப்பா, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போகும்போது போக்குவரத்து விளக்கிலும் இதே வாய்ப்பாடுதான். மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

தக்காளி வாங்க மட்டும் அம்மா அவரை அனுப்பமாட்டாள். காயும் பழமுமாகக் கொண்டுவந்துவிடுவார் என்று சிரிப்பாள். எங்கள் தெருவில் அடிக்கடி "கரண்ட்" போகும் என்பதால் வீட்டில் ஒரு "எமர்ஜென்சி" விளக்கு இருந்தது. அதன் வயிற்றில் கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு பொட்டு விளக்கு. மின்சாரம் ஏறும்போது சிவப்பாக எரியும், நிறைந்ததும் பச்சையாக மாறும். "பாப்பா, எமர்ஜென்சி ஆயிடுச்சா பாரு," என்று அப்பா தினமும் என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த எரிச்சலில், "உன் பக்கத்துலதானப்பா இருக்கு, நீயே பாரேன்," என்றேன். அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையல் மேடையிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "அவருக்கு அது தெரியாதுடி. சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணு."

அன்றுதான் கதை முழுவதும் வெளியே வந்தது. ஜோலார்பேட்டையில் எங்கள் தாத்தா ரயில்வேயில் இருந்தார். அப்பாவும் ரயில் ஓட்டத்தான் ஆசைப்பட்டார். தேர்வெல்லாம் தேறி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து, வண்ணப் புள்ளிகளால் ஆன வட்டத்துக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டாராம். "எல்லாப் பசங்களும் நம்பர் சொன்னானுங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சிது," என்றார் அப்பா, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்கிறவர் மாதிரி. ஊரில் தலைகாட்டக் கூச்சப்பட்டு பெங்களூருக்கு ரயிலேறியவரை அங்கே யாரும் புத்தகம் காட்டிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு விளக்கும் இடம் மாறாமல் இருந்தவரை சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் புது இயந்திரம் வந்தது. அதைப் பற்றி முதல் நாள் அப்பா பெருமையாகத்தான் பேசினார். குழந்தைகளின் பொம்மைபோல வழவழப்பாக இருக்கிறது, பழைய இயந்திரத்தைப்போல "புஸ்" என்று பெருமூச்சு விடுவதில்லை, கைப்பிடிகளெல்லாம் போய்த் தட்டையான பொத்தான்கள் வந்துவிட்டன என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே, "விளக்கு ஒண்ணுதான் வெச்சிருக்கான்," என்றார்.

அம்மாவின் கை குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது.

யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, இரண்டு விளக்கு எதற்கு, ஒன்றையே நிறம் மாறவைத்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று நினைத்திருக்கவேண்டும். அது நல்ல யோசனைதான். எங்கள் அப்பாவைத் தவிர அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் மட்டும் பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டும், மனசுக்குள் எண்ணிக்கொண்டும் ஒரு மாதம் ஓட்டினார். முந்தித் திறந்தால் இறுகாத பிளாஸ்டிக் கையில் ஒட்டும். பிந்தித் திறந்தால் மக் அச்சோடு கவ்விக்கொண்டு வீணாகும். முன்கையில் பிசின்போல ஒட்டி உரிந்த காயத்தோடு அவர் வந்த நாள், அம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"சொன்னா வேற ஆளைப் போடுவான்."

"சொல்லாம இருந்தா கையே போயிடுமே."

அப்பா கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். அம்மா சுவரைப் பார்த்து, "சொன்னா வெட்கம், அழுதா துக்கம்," என்றாள். அவளுடைய அம்மா சொல்லும் பழமொழி அது. எங்கள் வீட்டில் வழி தெரியாமல் போகும்போதெல்லாம் அதுதான் கடைசிப் பேச்சு.

வழி என் கையில் அகப்பட்டது தற்செயலாகத்தான். மிட்டாய் சுற்றி வந்த சிவப்புக் "கண்ணாடி பேப்பரை" கண்ணில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தீப்பிடித்தாற்போலச் சிவந்திருந்தது, எமர்ஜென்சியின் பொட்டு விளக்கைத் தவிர. அது அணைந்திருந்தது. காகிதத்தை எடுத்தால் பச்சையாக எரிந்தது, வைத்தால் இல்லை. சிவப்பு விளக்கு எரியும் நேரம் பார்த்து மறுபடி வைத்தேன். அது அப்படியே தெரிந்தது. "அப்பா, இதை வெச்சிப் பாருப்பா!" என்று கத்தினேன். அப்பா காகிதத்தைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், வைத்தார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னார், மாட்டச் சொன்னார். எரிந்தால் நில்லு, அணைந்தால் எடு. அவ்வளவுதான். அவர் என்னைத் தூக்கிச் சுற்றவில்லை, பாராட்டவும் இல்லை. அந்தக் காகிதத்தைத் தொடையில் வைத்து, நகத்தால் சுருக்கம் எடுத்து, சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

மறுநாளிலிருந்து காலையில் இயந்திரத்தின் முன் நின்றதும், கட்டைவிரல் அளவு துண்டை விளக்கின்மேல் ஒட்டிக்கொள்வார். ஷிப்டு முடியும்போது உரித்துப் பைக்குள் போட்டுக்கொள்வார். கையில் புதுக்காயம் இல்லை. அம்மா மறுபடியும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தாள். இனி எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பிற்பகல் அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன் வழக்கம்போல் பைக்குள் கைவிட்டார். கை அங்கேயே நின்றது. மற்றப் பையையும் தடவினார். ஷிப்டு முடிகிற நேரத்தில் மூட்டை இறக்க ஆள் போதவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூட்டையை இறக்கிவிட்டு, சங்கு ஊதியதும் அப்படியே கிளம்பி வந்துவிட்டார். "ஐயோ, மஞ்சு," என்றார். மஞ்சுநாத் என்பவர்தான் அடுத்த ஷிப்டில் அதே இயந்திரத்தில் நிற்பவர். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர், அப்பாவை "ஏழுமலையண்ணா" என்று கூப்பிடுவார். அப்பா சைக்கிளைத் திருப்பினார். நான் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன். இறங்கு என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வழியில் ஒரு சிக்னலிலும் அவர் நிற்கவில்லை.

தொழிற்சாலை முற்றத்தில் இயந்திரச் சத்தம் இல்லை. மஞ்சுநாத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் ஏதும் இல்லை.

"லைட் ஆஃப் ஆச்சுண்ணா," என்றார் அப்பாவைக் கண்டதும். "கரண்ட் ஹோய்த்து, போயிடுச்சுன்னு நெனச்சேன். மெஷின் நின்னுடுச்சுன்னு கதவைத் திறந்து, கையை உள்ள விட்டு அச்சைத் துடைச்சிக்கிட்டிருந்தேன். அச்சு திரும்ப மூட வந்துச்சு. இழுத்துக்கிட்டேண்ணா."

அவருக்குக் கோபம் இல்லை. நடந்ததை அண்ணனிடம் சொல்லும் தம்பியைப்போலத்தான் சொன்னார். அவர் பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் உள்ளங்கையில் என் மிட்டாய்க் காகிதம் இருந்தது.

"என்னப்பா இது?" என்றார் மேஸ்திரி.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, "எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும் சார்," என்றார்.

"எத்தனை வருஷமா?"

"பொறந்ததிலேர்ந்து சார்."

மேஸ்திரி நல்ல மனிதர். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டே, "அவன் கை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே, ஏழுமலை?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அப்பா மஞ்சுநாத்தின் முன்னால் போய்த் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வலது கையை வாங்கி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலைண்ணா, விடுங்கண்ணா," என்று அவர் கூச்சத்தோடு இழுத்துக்கொண்டபோதும் விடவில்லை. அப்பாவை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மஞ்சுநாத்தும் மேஸ்திரியும் அப்பாவுக்காகப் பேசினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். கீழே இன்னொரு விளக்கு வைத்துக்கொடுத்தால் போதும், அவரைவிட இந்த வேலை தெரிந்தவர் இல்லை என்றார்கள். இயந்திரத்தை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். முகப்பு மொத்தமும் ஒரே பலகை, திறந்தால் "வாரண்டி" போய்விடும், இப்படி ஒருத்தருக்காக மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் பொய்யில்லை. யார்மேல் கோபப்படுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் அனுப்பினார்கள். திரும்பி வந்த அப்பா செருப்பைக் கழற்றும்போது, "அதே புஸ்தகம்தான். அட்டை மட்டும் புதுசு," என்றார். அடுத்த வாரம் அவரைப் பொட்டலப் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் வார்த்த மக்குகளை அடுக்கி, உறையில் போட்டு, கட்டிவைக்கும் வேலை. தன்னால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்று அவர் நிம்மதியாகத்தான் இருந்தார் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. மஞ்சுநாத் துமகூரு பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அம்மா காலமாகிவிட்டாள். அப்பா பெங்களூரிலேயே காக்ஸ் டவுனில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு என்னோடு வந்துவிடச் சொன்னால், வெயில் ஒத்துக்கொள்ளாது என்கிறார். நான் அவருக்கு முதலில் வாங்கிக்கொடுத்த கைப்பேசியில் எடுக்கும் பொத்தான் இடப்பக்கமும் துண்டிக்கும் பொத்தான் வலப்பக்கமும் இருந்தன. விரலால் தடவியே கண்டுபிடிப்பார். பல வருஷம் ஒரு அழைப்பும் தவறியதில்லை. அது பழுதாகி, அந்த மாதிரி ஃபோன் கடையில் கிடைக்காமல் போய், கண்ணாடித் திரை வைத்த ஒன்றை வாங்கித் தரவேண்டியதாயிற்று. அதில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு வட்டங்கள் மிதந்து வருகின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. எது எந்தப் பக்கம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அவர் கற்றுக்கொண்டார். ஒருநாள் ஃபோன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, பக்கத்தை மாற்றிக்கொண்டது.

சாயங்காலங்களில் நான் கூப்பிடுகிறேன். மணி போகிறது, துண்டிக்கப்படுகிறது. மறுபடி கூப்பிடுகிறேன், மறுபடியும் துண்டிக்கப்படுகிறது. அந்தப் பக்கம் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையை உற்றுப் பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. எப்படியோ ஒரு தடவை சரியான வட்டத்தில் விரல் பட்டு, அவர் குரல் வந்துவிடுகிறது.

"ஏன் பாப்பா, கட் பண்ணிக்கிட்டே இருக்கே?" என்கிறார்.

"லைன் சரியில்லப்பா," என்கிறேன்.