ரோஸ்லின் ஊன்றிய முதல் அடி

போலாரத்து ரோஸ்லினுக்கு வாயும் வேகம், காலும் வேகம். நகரத்தின் இன்னொரு கோடியில், மாதாப்பூரில், பாறையை உடைத்து உடைத்து ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் என்றால் அந்த வாய்க்குக் கேட்கவா வேண்டும்! ஆனாலும் அவளுடைய பெருமையெல்லாம் ஓட்டத்தில்தான். கம்பெனி வருஷா வருஷம் நடத்தும் பந்தயத்தில் பெண்களில் அவள்தான் முதல்.

அப்படிப்பட்டவளுக்குப் பாதத்து எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "முதல்ல நடங்க. அப்புறம் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை" என்றார். அம்மணி கேட்டால்தானே! வலி போய்விட்டது என்று பழைய தூரத்தை ஒரே மூச்சில் ஓடிவிட்டு வந்தாள். மறுநாள் கட்டிலிலிருந்து இறங்கிப் பாதத்தை ஊன்றியவள், "ஐயோ இயேசுவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணவர் ஆனந்தகுமார் ஸ்கூல் வாத்தியார். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் அன்று திறந்தார்.

"ஏன் ரோஸ், உங்க ஆபீஸ்ல ஒருத்தன் தப்பைச் சரி பண்ணிட்டேன்னு சொன்னா, அன்னைக்கே கஸ்டமருக்கு அனுப்பிடுவியா?"

"நக்கோ! அனுப்ப மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமா ஓடவிட்டுப் பார்த்து, வேற எதுவும் உடையலைன்னு தெரிஞ்சப்புறம்தான்..." என்று ஆரம்பித்தவள் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

நல்லவேளை, விரிசல் பெரிதாகவில்லை. மறுபடி ஓய்வு, மறுபடி நடை, நடுவில் துளி ஓட்டம். ஓடிய மறுநாள் காலையில் ஊன்றும் முதல் அடிதான் அவளுக்குப் பரீட்சை. வலித்தால் ஒரு படி பின்னால், வலிக்காவிட்டால் ஒரு படி முன்னால். மெனக்கெட்டுச் செய்தாள்.

பந்தயம் வந்தது. நடுநடுவே நடப்பதானால் ஓடலாம் என்று டாக்டர் விட்டார். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. பெண்களில் முதலாவதாக ஓடுகிற தாரிணி, போன வருஷம் சேர்ந்த பெண், எட்டிப் பிடிக்கிற தூரம். பாதத்தில் துளி வலி இல்லை. அந்த நேரம் பார்த்துக் கைக்கடிகாரம் கத்தியது: நடக்க வேண்டிய முறை. கடிகாரத்தை முறைத்தாள். முறைத்துக்கொண்டே நடந்தாள்.

கோட்டருகே மைக் பிடித்திருந்த டீம்காரன் ஷ்யாம், "ரோஸ்லின்க்கா, மார்னிங் வாக்கா?" என்றான். கூட்டம் சிரித்தது.

"ஹவ், ஆமா ஷ்யாம், வாக்குதான்! கால் இன்னும் டெஸ்டிங்ல இருக்கு!"

அவளைத் தாண்டி எத்தனையோ பேர் போனார்கள். மெடல் தாரிணிக்கு. வீட்டுக்கு வந்து ரோஸ்லின் கொஞ்சம் அழவும் அழுதாள்.

மறுநாள் விடிந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாதத்தை இறக்கினாள். ஊன்றினாள். முழு பாரத்தையும் போட்டு எழுந்து நின்றாள்.

"ஏங்க, எழுந்திருங்க! வலிக்கலைங்க!"

ஆனந்தகுமார் போர்வைக்குள்ளிருந்தே, "அப்போ இன்னைக்கும் ஓடப் போறியா?" என்றார்.

"நக்கோ. இன்னைக்கு ரெஸ்ட்" என்றாள். மெடல் வாங்கினவள் மாதிரி நிமிர்ந்து நடந்து காபி போடப் போனாள்.