பங்கர் வாசலில் ஒரு கொய்யாக் கன்று

கொய்யாக் கன்றைப் பங்கருக்குள் கொண்டுபோனது சரிதான் என்று இன்றைக்கும் சண்டை பிடிப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

கடல் ஊருக்குள் வந்த அன்று உப்புத் தண்ணீர் குடித்ததிலிருந்து தம்பிக்கு இழுப்பு. வீடும் போனதால் வாவி தாண்டிப் படுவான்கரையில் மாமா வீட்டில் ஒதுங்கினோம். கடலுக்குத் தப்பினால் அங்கே ஷெல்லடி. நல்ல ராசி!

ஷெல்லுக்குப் பதுங்க மாமா முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் பகலிலும் கும்மிருட்டு. எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தால் தம்பியின் நெஞ்சு விசிலடிக்கும். ஷெல்லை விட அந்தச் சத்தம்தான் எனக்குப் பயம். இலை காபனீரொட்சைட்டை எடுத்து ஒட்சிசனை விடும், அதுதான் ஒளித்தொகுப்பு என்று பள்ளியில் அப்போதுதான் படித்திருந்தேன். பிறகென்ன! அடுத்த முறை ஷெல் கூவியதும் எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, நான் பால்மாப் பேணியில் வளர்த்த கொய்யாக் கன்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

மாமாவின் மகள், உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த மச்சாள், இருட்டுக்குள்ளேயே சிரித்தாள்.

“போடி விசரி! வெளிச்சம் இல்லாட்டி அது ஒட்சிசன் விடாது. ஆனா சுவாசம் எந்த நேரமும் நடக்கும். இந்த இருட்டுக்குள்ள அதுவும் எங்களப்போல ஒட்சிசன எடுத்துக் காபனீரொட்சைட்டத்தான் விடும். தம்பிட பங்கையும் சேத்து எடுக்கும். வெளிய வை.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம்தானே வேண்டும்? பேணியோடு ஏறிப்போய் வாசல் படியில், வெயிலில் உட்கார்ந்தேன்.

“உள்ளுக்க வா புள்ள! சாகப்போறியா?” மாமா கத்தினார்.

“வரமாட்டன்! தம்பிய இஞ்ச கொண்டு வாங்க!”

இழுக்க வந்த மாமாவின் கையைக் கடித்தேன். அதற்குள் தம்பியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. காற்றுப் படட்டும் என்று அம்மா அவனைத் தூக்கி வந்து என் மடியில் கிடத்திவிட்டு, எங்களுக்கு மேல் படியில், முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவருடைய நிழல் அப்படியே கன்றின் மேல் விழுந்தது.

“விலகுங்கம்மா! வெளிச்சத்த மறைக்கிறீங்க!”

அம்மா அசையவில்லை. வட்டைப் பக்கம், வயலுக்குள், ஷெல் ஒன்று விழுந்து வெடித்தது. வயல் மண் அம்மாவின் முதுகில் பொலபொலவென்று கொட்டியது. அப்போதும் அசையவில்லை.

மெல்ல மெல்லத் தம்பியின் விசில் அடங்கியது. என் கன்றுதான் காப்பாற்றியது என்று மச்சாளிடம் பல நாள் பீற்றிக்கொண்டேன். அம்மாவோடு மட்டும் கோபம் தீரவில்லை. உட்கார வேறு இடமா இல்லை, வெயிலை மறைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார வேண்டுமா?