உள்ளங்கையில் வைத்த மெழுகு

பேத்தி தன் பிறந்தநாள் கேக்கின் மெழுகுதிரிகளை ஊதி அணைத்தாள். அந்தப் புகை மணம் என்னை ஊர்காவற்றுறையில் கிறிஸ்தவர்களின் வேதக் கோயிலுக்குள் கொண்டுபோய் விட்டது.

அறுபதுகளில் ஒரு நாள். எனக்கு எட்டு வயது. அம்மா சந்தையில் மரக்கறி தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்க, பக்கத்திலிருந்த அந்தக் கோயிலுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கால் கழுவ வாசலில் தண்ணீர் தேடினேன், இல்லை. அப்படியே நுழைந்தேன்.

கோயிலைக் கூட்டித் துடைக்கும் திரேசாக்கா, எரிந்து முடிந்த திரிகளின் மெழுகைச் சுரண்டிப் தகரப் பேணியொன்றில் போட்டுக்கொண்டிருந்தார். திருநீறு தரப்போகிறார் என்று நினைத்து வலக்கையை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மெழுகுக் கட்டியை உள்ளங்கையில் வைத்தார்.

“தேங்காயெண்ணெயில உருக்கி அம்மாவைக் குதிக்காலில பூசச் சொல்லு, பிள்ளை.”

“அம்மாவுக்கு என்ன?”

“குதி வெடிச்சிருக்கு. நுனிக்காலிலயெல்லோ நடந்து போறவ.”

அம்மாவின் நடையே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டில் அம்மா அந்த மெழுகைச் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, குசினி அடுப்பில் எண்ணெயோடு உருக்கினார்.

“நான் அவவோட ஒருநாளும் கதைச்சதில்லை” என்றார்.

“அவையின்ர சாமி சொல்லியிருக்குமோ, அம்மா?”

அம்மா சூடு ஆறிய மெழுகைத் தொட்டுக் குதிக்காலில் பூசினார்.

“பாத்திருக்கிறா, பிள்ளை. அவ்வளவுதான்.”

கேக் வெட்டி முடிந்துவிட்டது. மகள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போகிறாள். நான் அவளுடைய நடையைப் பார்க்கிறேன்.