அக்கா முந்திக்கொண்டு அடித்ததில்லை

இருபது முகம் கொண்ட பகடையை நான் முதன்முதலாகப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், பாலக்கோட்டில், எங்கள் வீட்டுக் கூடத்துச் சிமெண்டுத் தரையில். பெங்களூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த தம்பி, சித்தப்பா மகன், கோடை விடுமுறைக்கு அதைக் கொண்டுவந்திருந்தான். விடுதியில் யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விளையாட்டாம். பலகை கிடையாது. அவன் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவான்; நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு வீரனாக இருந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். வெட்டு விழுந்ததா தவறியதா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

நானும் அக்காவும்தான் வீரர்கள். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, போட்ட மனுவுக்கெல்லாம் பதில் வராமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்துகொண்டிருந்தேன். அக்கா இண்டூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவரின் அண்ணன் ஒருநாள் அவளை அறைந்துவிட்டார். மாமா, அதாவது அவள் கணவர், அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். மாதா கோயிலில் மோதிரம் மாற்றிய கல்யாணம்; எங்கள் சனத்தில் அதை முறிக்கிற பேச்சே கிடையாது. தனிக்குடித்தனம் வைத்தால் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். குழந்தையை வந்து தூக்கிக்கொண்டு போவோம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

விளையாட்டில் நான் எப்போதும் வாளை உருவிக்கொண்டு ஓடுவேன். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் என் முறை முடிந்துவிடும். எதிரி நின்ற இடத்திலிருந்தே என்னை வெட்டிவிடுவான். எத்தனையோ வீரர்களை அப்படிச் சாகக் கொடுத்தேன். அக்காவின் வீரனிடம் ஓர் ஈட்டி இருந்தது. ஒரு குறுகலான பாலத்தின் முனையில் அவனை நிறுத்திவிட்டு, "நான் அடிக்கல. இங்கயே நிக்கறேன். அவன் வரட்டும்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதென்ன சண்டை! தம்பி சிரித்தான். "அக்கா பண்றதுதான் சரி. கிட்ட வர்றதுக்கே அவன் டர்ன் போயிரும். ஈட்டி நீளம். மொத அடி அக்காவுது" என்றவன், "ஆனா அவங்கிட்ட வில்லு இருந்தா இது பலிக்காது. நின்ன எடத்துலயே சாவ வேண்டியதுதான்" என்றும் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போன அப்பாவும் அம்மாவும் திரும்புவதற்குள், வாசலில் ஜீப் வந்து நின்றது. மாமா, அவருடைய அண்ணன், கூட இரண்டு பேர். அண்ணன்காரர் இறங்கியதும் கத்த ஆரம்பித்தார். "ஆம்பளயா இருந்தா வெளிய வாடா!"

மாட்டுக்கொட்டகையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இடுப்பில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"நீ வெளிய போனீனா அடிச்சிப் போட்டுட்டு, இவந்தான் மொதல்ல வந்தான்னு சொல்லுவாங்க. நில்லுடா."

"எவ்ளோ நேரம்க்கா நிக்கிறது?"

"உங்க மாமா படியேறி வர வரைக்கும்."

கதவு திறந்தே இருந்தது. அவள் நிலைக்கு உட்புறம் நின்றாள். கடப்பாரையோடு நானும் தம்பியும் பின்னால். கூடத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தேன். உள்ளங்கை வேர்த்து இரும்பு வழுக்கியது. தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பதிலுக்கு ஒரு வார்த்தைகூட வராததால் அண்ணன்காரர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு குரல் கம்மியது. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ, "ஏங்க, பொம்பளப்புள்ள நிக்கிற வூட்டு முன்னாடி இதெல்லாம் நல்லாவா இருக்குது?" என்று கேட்டார்கள்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாகப் படியேறினார். ஒரு காலை உள்ளே வைத்தபோதுதான் அக்கா பேசினாள்.

"புள்ளயப் பாக்கணும்னா உள்ள வாங்க. தூக்கிட்டுப் போவணும்னா அங்கயே நின்னுக்கங்க. எப்பவும்போல."

அந்தக் கடைசிச் சொல் அவர் முகத்தில் விழுந்ததைப் பார்த்தேன். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்கண்ணா. நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றார். மழைக்காலம் தொடங்குவதற்குள் கடத்தூரில் தனி வீடு பார்த்து அக்காவைக் கூட்டிப்போனார்.

எனக்கு இன்றைக்கும் நிற்கத் தெரியாது. டாக்டர் கூப்பிடும் முன்பே கதவைத் தட்டுகிறவன் நான். மகனிடம் பேச்சு முற்றினால் முதல் வார்த்தை என்னுடையதுதான். பிறகு வருத்தப்படுகிறவனும் நான்தான். போன மாதம் கடத்தூர் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படி அவ்வளவு நிதானமாக நின்றாள் என்று.

"நிதானமா?" என்றாள். "நெலயப் புடிச்சிருந்த கை நடுங்குனது உனக்குத் தெரியல. ஓடிப்போயி அந்தாள அறையணும்னுதான் எனக்கும் இருந்துச்சு. அவரு மட்டும் படியேறாம ஜீப்புல ஏறிப் போயிருந்தாருன்னா, நான் என்ன பண்ணியிருப்பேன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல."

உள்ளறையில் மாமா இருமினார். அவள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு வெந்நீர் எடுத்துக்கொண்டு போனாள்.