இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

என் மகள் இருபது வருடம் பெட்ரோல் டாக்சி ஓட்டியவள். மலையில் இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விட்டு பெட்ரோலை மிச்சம் பிடிப்பாள். கை தானாகக் கியருக்குப் போகும். போன மாதம்தான் அதை விற்றுவிட்டு மின்சார வண்டி வாங்கினாள். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, "நடுவழியில நின்னா என்னைக் கூப்பிடாத. கேன்ல கரண்ட் கொண்டுவர முடியாது" என்று வாரினார்.

முதல் சவாரியே மலை மேல் விடுதி நடத்துகிறவருக்கு. அவரை ரயில் நேரத்துக்குக் கீழே சேர்த்தால், விடுதிச் சவாரி எல்லாம் இனி இவளுக்குத்தான். நான் அடம்பிடித்து முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். மலை ஏறியதிலேயே சார்ஜ் கரைந்து ஒன்பது சதவீதத்துக்கு வந்திருந்தது.

இறக்கத்தில் இவள் வழக்கம்போல நியூட்ரலில் விட்டாள். ஒன்பது எட்டானது. எதிரே லாரி வந்ததும் கியரில் போட்டு வேகத்தைக் குறைத்தாள். எட்டு மறுபடி ஒன்பதானது.

"கியர்ல போட்டா ஏறுதுடி."

"சும்மா இரும்மா. இறக்கத்துல கியர்ல போனா வீண்."

"எனக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். கியர்லயே விடு."

முணுமுணுத்துக்கொண்டே விட்டாள். பத்து. பதினொன்று. இறக்கத்தில் உருளும் சக்கரமே மோட்டாரைச் சுற்றி பேட்டரியை ஏற்றுகிறது போல. பின்சீட்டுக்காரரும் எட்டிப் பார்த்து என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார். ரயில் நிலையத்தில் நின்றபோது பன்னிரண்டு.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடும்மா, திரும்பி வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்கு ஓடினார்.

மாப்பிள்ளை மகளைப் போனில் கேட்டார்: "எங்க நிக்கிற?"

"ஸ்டேஷன்ல. கேன் இருந்தா கொண்டு வாங்க, இங்க கரண்ட் மிச்சம் இருக்கு."