முசாங்குக்குக் கட்டிய கேமரா

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான்.

பல வருடம் மனிதர்களைத்தான் படமெடுத்தேன். டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், விற்றாகிவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடிக்கப்போகிறார்கள், மாற்று வீடு தருவதாக வாக்கு. அங்கே முனியம்மாக்கா என்று ஒருவர், வாசலைக் கூட்டி முடிக்கும்வரை என்னைக் கேமராவைத் தொட விடமாட்டார். "குப்பையோட எடுத்தா, இதுங்களுக்கு எதுக்கு வீடுன்னு கேப்பாங்க தம்பி. இருங்க லா."

நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் அந்தப் படங்களைக் கண்காட்சி வைத்தேன். வந்தவர்கள் வடை தின்றார்கள், அருமை என்றார்கள், போனார்கள். லயம் இடிந்தது, வீடு வரவில்லை, காத்திருந்தே அக்கா செத்துப்போனார். சீ, மனித சகவாசமே வேண்டாம் என்று பறவை, விலங்கு பக்கம் திரும்பினேன்.

அவ்வளவு அவசரமாக இடித்த இடத்தில் யாரும் எதுவும் கட்டவில்லை, காடாகக் கிடக்கிறது. முசாங் என்கிற புனுகுப்பூனை நடமாடுகிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ரப்பர் மரத்தில் தானியங்கி கேமரா கட்டினேன். உடம்புச் சூடுள்ள ஏதாவது எதிரே அசைந்தால்தான் அது படமெடுக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் முசாங் இல்லை, ஓர் எலிகூட இல்லை. எல்லாம் ஒரே காலையில் எடுத்த படம், எல்லாவற்றிலும் வெறும் தரை. முதல் படத்தில் முழுக்கச் சருகு. அடுத்ததில் இடது ஓரமாகக் கொஞ்சம் காணோம், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் படத்தில் ஒரு வாசல் அகலத்துக்குச் சுத்தமான மண், விளக்குமாறு இழுத்த கோடுகளோடு. நம்பினால் நம்புங்கள், எதிலும் ஆள் இல்லை.

அக்காவின் மகள் செல்வி மேரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று அவள் சொல்லிவிடமாட்டாளா என்ற ஆசையில் படங்களைக் காட்டினேன்.

"அம்மா எடதுபக்கந்தான் ஆரம்பிப்பாங்க," என்றாள்.

கேமராவைக் கழற்றிவிடுகிறேன் என்றேன்.

"வேணாண்ணே, இருக்கட்டும். போட்டோ எடுத்தா வீடு கெடைக்கும்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்காங்க போல. அதையும் புடுங்கிறாதீங்க."

என்ன செய்வது? பேட்டரி மாற்ற இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் அந்தப் பக்கம் மழையே இல்லை, பாதையெல்லாம் புழுதி. கேமராவுக்கு முன்னால் மட்டும் தண்ணீர் தெளித்திருந்தது, ஈரம்கூடக் காயவில்லை.