தொடாத முட்டி

செய்தி வந்தபோது சிஞ்ச்வட் நிலையத்தில் லோக்கல் ரயிலுக்காக நின்றிருந்தேன். எஸ்தர் மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எங்கள் ஆய்வகத்திலிருந்து இந்தியில் சொன்னார்கள். "அச்சா" என்றேன். வண்டி வந்தது, ஏறினேன், உட்கார இடம்கூடக் கிடைத்தது. அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவர் எலும்பு ஆராய்ச்சியாளர். நான் கால்நடை மருத்துவன். முட்டித் தேய்மானத்தில் எலும்பு எப்படி மாறுகிறது என்று எலிகளில் பார்ப்பது எங்கள் வேலை. மயக்கம் கொடுத்து இடது முட்டி ஜவ்வை நான் வெட்டுவேன். சில வாரம் கழித்து அவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். வெட்டாத வலது முட்டிதான், ஒப்பிட்டுப் பார்க்க, எங்களுக்கு நல்ல முட்டி.

இந்த ஊரிலேயே, கேம்ப் என்கிற பழைய கன்டோன்மென்ட் பகுதியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டுத் தமிழ் பாளையங்கோட்டைத் தமிழ். "டாக்டரே, எலிக்கு வலி மருந்து போட்டீரா?" என்பதுதான் எனக்கு அவர் சொல்லும் காலை வணக்கம்.

ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பவேண்டிய வாரம், திரையைக் காட்டினார். வலது முட்டி எலும்பும் தடித்திருந்தது.

"நீரு தொடாத முட்டில்லா இது! அந்தக் கால் வலிக்குன்னு எலி பாரத்தையெல்லாம் இதுல போட்டிருக்கு. இதப் போயி நல்ல முட்டின்னு எழுதிட்டோமே!"

எனக்கு எரிச்சல். "யாரும் கேக்கப்போறதில்ல மேடம், அனுப்பிருவோம்" என்றேன்.

"வலிக்கிற கால எல்லாரும் பாக்காவ. தாங்குற கால யாரு பாக்கா?"

கட்டுரையை நிறுத்தினார். அறுவையே செய்யாத எலிகளைத் தனியே வைத்து, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் வேறு ஆட்கள் முந்திக்கொண்டார்கள். "போட்டும், உண்மை வந்துட்டுல்லா" என்று கேன்டீனில் வடாபாவைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

நேற்று கேம்ப் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. மகள் கதறினாள், எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். மேடத்தின் கணவர் ஆல்பர்ட் சவப்பெட்டிமேல் பூக்களைச் சரிசெய்தார், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார், ஆட்டோக்காரருக்கு மராத்தியில் வழி சொன்னார்.

"ஆல்பர்ட் தைரியமா இருக்காரு" என்றார் பக்கத்தில் ஒருவர்.

எழுந்து போய் ஆல்பர்ட்டின் முழங்கையைப் பிடித்தேன்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய பாரம் முழுவதும் என் கையில் இறங்கியது.

போய்வாருங்கள் மேடம். ஆல்பர்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.